உதகை கருத்தரங்குக்கு வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு: பயணம், தங்குமிடம் குறித்த கேள்விகளும் பதில்களும்

ஈப்போ_மலர்

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் உதகமண்டலத்துக் கல்லூரி ஒன்றில் மலைப்பயிர்கள் குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெறவிருக்கிறது. மலேசியாவிலிருந்து ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களுமாகச் சிலர் வருகிறோம். என் தாயாரும் உடன் வருகிறார். அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அமைப்பாளர்கள் அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டார்கள், ஆனால் தங்குமிடத்தை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். முன்பதிவுத் தளங்களில் "ஊட்டி" என்று தேடினால் நூற்றுக்கணக்கில் விடுதிகள் வருகின்றன. எது அரங்குக்கு அருகில், எது தொலைவில் என்று எங்களால் கண்டுகொள்ள முடியவில்லை. கேமரன் மலைக்கு அடிக்கடி சென்று வருபவர்கள் என்பதால் மலைக்குளிர் எங்களுக்குப் புதிதில்லை என்றே நினைக்கிறோம். எந்த வழியாக வருவது, எங்கே தங்குவது, மலை ரயிலில் வரலாமா என்பவற்றை அங்கேயே வசிப்பவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

எல்க்ஹில்_வாசி

வணக்கம் அம்மா. முதலில் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில்தான் வெளிநாட்டு விருந்தினர்கள் பெரும்பாலும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். கேமரன் மலையில் தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதோடு, நீங்கள் வரும் ஜனவரி இங்கே உறைபனிக் காலம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், சட்டையோடு நடமாடலாம். ஆனால் மாலை ஆறு மணிக்குமேல் குளிர் மளமளவென்று இறங்கி, விடியற்காலையில் தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தயத் திடல் போன்ற தாழ்வான இடங்களில் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்துவிடும். காலையில் புல்வெளி வெள்ளைவெளேரென்று கிடப்பதையும், வாடகை வண்டிக்காரர்கள் முன்கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி எடுப்பதையும் நீங்களே பார்ப்பீர்கள். ஆகவே ஒரே கனத்த மேலங்கியை நம்பி வராமல், கழற்றிப் போட்டுக்கொள்ள வசதியாக இரண்டு மூன்று அடுக்காக உடை கொண்டு வாருங்கள். தாயாருக்குக் காதை மூடும் குல்லாயும் காலுறையும் கட்டாயம் வேண்டும்.

இப்போது தங்குமிடம். மலையில் தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடக் கூடாது, நேரத்தில்தான் கணக்கிட வேண்டும். முன்பதிவுத் தளங்களில் "ஊட்டி" என்ற பெயரில் வரும் விடுதிகளில் பல கேத்தியிலோ லவ்டேலிலோ தலைக்குந்தாவிலோ இருக்கும். சில மசினகுடியிலேயே இருக்கும். மசினகுடி வரைபடத்தில் முப்பது கிலோமீட்டருக்குள் தெரியும். ஆனால் இடையில் இருப்பது 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதை. வெளியூர் வண்டிகளை அந்தப் பாதையில் கீழே இறங்கக் காவல்துறை அனுமதிப்பதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும், அது இரண்டு மடங்குக்கும் மேலான தூரம். மசினகுடி இருக்கும் சீகூர் பகுதியில் யானை வழித்தடத்துக்குள் கட்டப்பட்ட விடுதிகள் பல 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைக்கப்பட்டன. 2020இல் அந்த வழித்தட அறிவிப்பை நீதிமன்றம் உறுதியும் செய்தது. கருத்தரங்குக்கு வருபவர்கள் அந்தப் பக்கம் அறை எடுக்கவே வேண்டாம்.

என் உறுதியான கருத்து இதுதான்: அரங்கிலிருந்து நடந்தோ, பத்து நிமிட ஆட்டோ பயணத்திலோ சென்று சேரக்கூடிய இடத்தில் அறை எடுங்கள், அறை சற்றுச் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. சேரிங்கிராஸ், கமர்ஷியல் சாலை, பேருந்து நிலையத்தை ஒட்டிய பகுதி, தாவரவியல் பூங்கா சாலை ஆகியவை ஊரின் நடுப்பகுதி. பள்ளத்தாக்குக் காட்சிக்காக ஊருக்கு வெளியே உள்ள காட்டேஜில் தங்கினால், காலை ஒன்பது மணி அமர்வுக்கு வண்டி கிடைக்காமல் பனிமூட்டத்தில் நிற்க நேரிடும்.

யாழ்_ஆய்வாளர்

நானும் அதே கருத்தரங்குக்கு வருகிறேன். சுற்றுலா விசாவிலேயே வந்துவிடலாம் என்று என்னுடன் வரும் ஒருவர் சொல்கிறார். அது சரியா? பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால் அந்த வழியாக வர எண்ணியிருக்கிறேன்.

அரங்கத்_தொண்டர்

ஐயா, அதைச் செய்யவே வேண்டாம். சுற்றுலா விசா ஊர் பார்ப்பதற்கும் உற்றார் உறவினரைப் பார்ப்பதற்கும் உரியது. கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதற்கு இணையவழி விசாவிலேயே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். இ-கான்ஃபரன்ஸ் விசா என்று விண்ணப்பப் பக்கத்தில் இருக்கும். ஒருமுறை மட்டுமே நுழையலாம், 30 நாள் தங்கலாம். இதற்கு அமைப்பாளரின் அழைப்புக் கடிதத்தோடு இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதிக் கடிதமும் தேவைப்படும். அந்தக் கடிதத்தை விருந்தினர்கள் வாங்க முடியாது, கருத்தரங்கை நடத்தும் நிறுவனம்தான் வாங்கித் தர வேண்டும். எனவே அழைப்புக் கடிதம் கைக்கு வந்தவுடன், "அரசியல் அனுமதியின் நகல் எப்போது கிடைக்கும்?" என்று அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அது வராமல் விண்ணப்பித்தால் விண்ணப்பம் கிடப்பில் போய்விடும். கேட்பதில் தயக்கம் வேண்டாம். கேட்டால்தான் எங்களைப் போன்ற தொண்டர்களும் அலுவலகத்தை நெருக்க முடியும்.

இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கு விசாத் தொல்லை கிடையாது. மற்றவர்கள் இணையவழி விசாவில் எல்லா நுழைவாயில் வழியாகவும் வர முடியாது. ஆனால் சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, கோழிக்கோடு, கொச்சி, பெங்களூரு விமான நிலையங்கள் அனைத்தும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர்கள் வருகைப் படிவத்தையும் இணையத்திலேயே, இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது போலி.

தங்குமிடத்தோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு. வெளிநாட்டவர் யார் தங்கினாலும், விடுதியாக இருந்தாலும் வீடாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் தகவல் அனுப்ப வேண்டியது தங்கவைப்பவரின் கடமை. விடுதிக்காரர்கள் இதை "சி ஃபார்ம்" என்பார்கள். சிறிய விடுதிகளும் உரிமம் இல்லாத காட்டேஜ்களும் இந்தப் பதிவு வசதியே இல்லாமல் இருக்கும். அங்கே முன்பணம் கட்டிவிட்டு இரவில் போய் நின்றால், கடவுச்சீட்டைப் பார்த்தவுடன் "ஃபாரினர்களுக்கு ரூம் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டு, விசா இரண்டின் நகல்களையும் சில படிகள் எடுத்து வைத்திருந்தால், விடுதியிலும் சிம் அட்டை வாங்கும் கடையிலும் நேரம் மிச்சமாகும்.

பர்லியார்_ஓட்டுநர்

வழி பற்றி நான் சொல்கிறேன். இந்த மலையில் வண்டி ஓட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து உதகைக்குத் தொண்ணூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். தடையில்லாமல் வந்தால் மூன்று மணி நேரம், மேட்டுப்பாளையத்தில் நெரிசல் இருந்தால் நான்குகூட ஆகும். மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாற்றில் மலை ஏறத் தொடங்கினால், பர்லியார், குன்னூர் வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழியிலும் வரலாம். அங்கே வளைவுகள் குறைவு, தூரம் கொஞ்சம் கூடுதல். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதையாக்கி விடுவார்கள். ஜனவரியில் பெரும்பாலும் அந்தக் கட்டுப்பாடு இராது.

சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் இருப்பதால், ஈப்போ அம்மா அங்கே மாறி வருவதே நல்லது. திருச்சிக்கு வந்து இறங்கினால் சாலையில் ஒரு முழுப் பகல் போய்விடும். எந்த விமானமாக இருந்தாலும் பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்குவதாகப் பாருங்கள். ஜனவரியில் ஆறேகாலுக்கே இருட்டிவிடுகிறது. இருட்டிய பிறகு குன்னூர்ப் பாதையில் மூடுபனி இறங்கினால் எதிரே வரும் பேருந்தின் விளக்குகூடப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். இரவில் இறங்குவதாக இருந்தால் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கிவிட்டு, காலையில் மலையேறுங்கள். பெங்களூரு வழியாக வருபவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். மைசூரில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தால் சோதனைச் சாவடியில்தான் விடியும்.

வண்டி பேசும்போது மலையில் ஓட்டிப் பழகியவரா என்று கேளுங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வராமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வருபவர் என்றால், நான்கு வளைவுக்குள் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்துவிடும். அந்த வாடை வந்தால் கூச்சப்படாமல் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். தாயாரை முன் இருக்கையில் உட்கார வைப்பது நல்லது. பின்னால் உட்கார்ந்தால்தான் குமட்டல் அதிகம் வரும்.

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த ஏற்பாடு அது. கட்டணம் கிடையாது, வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தே எடுக்கலாம். அரசுப் பேருந்துக்கும் டி.என். 43 என்று தொடங்கும் எங்கள் மாவட்ட வண்டிகளுக்கும் அது தேவையில்லை. உதகை வண்டியையே கோவைக்கு வரவழைத்தால் பாஸ் வேலை மிச்சம், ஓட்டுநருக்கும் பாதை கைரேகை போலத் தெரிந்திருக்கும்.

கோத்தகிரி_ஆசிரியை

எல்க்ஹில் ஐயா சொல்வதில் ஒரு பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. முதியவரோடு வருபவர்களுக்குக் கோத்தகிரியோ குன்னூரோதான் பொருத்தம் என்பேன். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம்தான், குளிர் அவ்வளவு கடுமையாக இராது. அறை வாடகையும் உதகையைவிடக் குறைவு, சத்தமும் குறைவு. குன்னூரிலிருந்து உதகைக்கு 19 கிலோமீட்டர்தான். விடியற்காலையிலிருந்தே அடுத்தடுத்துப் பேருந்துகள் உண்டு. அம்மாவை அங்கே சிம்ஸ் பூங்கா பக்கம் ஓர் அறையில் ஓய்வாக வைத்துவிட்டு, மகள் மட்டும் போய் வரலாமே.

எல்க்ஹில்_வாசி

டீச்சர், உங்கள் அக்கறை புரிகிறது. விடுமுறைக்கு வருபவர்கள் என்றால் நானே குன்னூரைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இவர்கள் வருவது கருத்தரங்குக்கு. காலை அமர்வு, மாலை விருந்து, நடுவில் தாயாருக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய நிலை. பத்தொன்பது கிலோமீட்டர் என்பது பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். மாலை நிகழ்ச்சி முடிய எட்டு மணியானால் திரும்பிச் செல்வதும் எளிதாக இராது. தனியாக ஓர் அறையில் தாயார் காத்திருப்பதைவிட, மதிய இடைவேளையில் மகள் வந்து உடன் சாப்பிடக்கூடிய தூரத்தில் இருப்பதே இருவருக்கும் நிம்மதி. தவிர, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உதகையில்தான் இருக்கிறது. 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு திறந்தார்கள்.

கோத்தகிரி_ஆசிரியை

மருத்துவமனையை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் காரணத்துக்காக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனியாக வரும் ஆய்வு மாணவர்கள் செலவைக் குறைக்க நினைத்தால், நால்வராகச் சேர்ந்து குன்னூரில் வீடு எடுத்து ஒரே வண்டியில் போய் வருவது இன்னமும் சரியான வழிதான் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். அப்படித் தங்குபவர்கள் இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளில் நடக்கக் கூடாது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கரடிகளும் காட்டுமாடுகளும் குடியிருப்பு வரைக்கும் வந்து போகின்றன. காட்டுமாடு சாதுவாக நிற்பதுபோல் தெரியும். படம் எடுக்கப் பக்கத்தில் போனால் முட்டிவிடும்.

ஈப்போ_மலர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சேரிங்கிராஸ் அருகிலேயே பார்க்கிறோம். அறையில் என்னென்ன வசதி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்? அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வருமோ என்ற கவலையும் இருக்கிறது.

மலைநாட்டுச்_செவிலியர்

அம்மா, உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை கொடுக்கும். உதகை அதற்குக் கீழே. ஆனாலும் வந்த அன்று படியேறினால் மூச்சு வாங்கும், தலை இலேசாக வலிக்கும். முதல் நாள் அவரை எங்கும் அழைத்துச் செல்லாமல் அறையிலேயே இருக்க விடுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் வெந்நீரை அவ்வப்போது குடிக்கச் சொல்லுங்கள். குளிரில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடக்கூடும்; ஆகவே மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது. அதை மருந்துச்சீட்டோடு கைப்பையில் வையுங்கள், விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைக்காதீர்கள். பயணத்துக்கு முன் அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவதும், வளைவுப் பாதைக்கான குமட்டல் மாத்திரையை அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது. அந்த மாத்திரையை மேட்டுப்பாளையம் வருவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

அறை விசாரிக்கும்போது தரைத்தளமா, எத்தனை படிகள் என்று முதலில் கேளுங்கள். மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் "தரைத்தளம்" என்று சொல்லிவிட்டுச் சாலையிலிருந்து முப்பது படி கீழே இறக்குவார்கள். கீசரில் நாள் முழுதும் வெந்நீர் வருமா, காலை இரண்டு மணி நேரம் மட்டுமா என்று கேளுங்கள். ரூம் ஹீட்டருக்குப் பல இடங்களில் தனி வாடகை. சில இடங்களில் மின்தடை வந்தால் ஹீட்டர் ஜெனரேட்டரில் ஓடாது. சுவரோரம் ஈரவாடை அடிக்கும் அறையைக் கொடுத்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். வெயில் விழும் சன்னல் உள்ள அறைதான் முதியவர்களுக்கு ஏற்றது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு யாரும் படுக்க வேண்டாம். எரிந்து தணிந்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. தூங்குபவர்கள் விழிக்காமலேயே இறந்துபோகிறார்கள். கொடைக்கானலில் 2024இல் இரண்டு இளைஞர்கள் அப்படித்தான் உயிரிழந்தார்கள். விடுதிக்காரரே கொண்டுவந்து வைத்தாலும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

சிங்கை_குமரன்

மலை ரயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் அல்லவா? சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து மேட்டுப்பாளையத்தில் மாறி, அந்த ரயிலிலேயே உதகை வந்துசேர எண்ணியிருக்கிறேன்.

பர்லியார்_ஓட்டுநர்

தம்பி, அந்த ரயிலை நாங்கள் எல்லோரும் நேசிக்கிறோம். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் வந்த ரயில் அது. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்சட்டத்தை எஞ்சின் பற்றி ஏறுவதை வளைவில் தலையை நீட்டிப் பார்த்தால் கண்ணெடுக்க மனம் வராது. ஆனால் கருத்தரங்குக்கு வந்து சேர அதை நம்பாதீர்கள். காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி 46 கிலோமீட்டரை ஏற ஐந்து மணி நேரம் ஆகும், பெரிய பெட்டிகள் வைக்க இடமில்லை, இருக்கைகளும் குறைவு. முதல் நாள் மழை பெய்து தண்டவாளத்தில் மண் சரிந்தால் ரயிலை இரத்து செய்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. கருத்தரங்கு முடிந்த மறுநாள் உதகையிலிருந்து குன்னூர் வரை மட்டும் போய் வாருங்கள். ஒரு மணி நேரப் பயணம்தான். கேத்தி பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்கலாம். பல்சட்டப் பாதையைப் பார்த்தே தீர வேண்டுமென்றால், ஊர் திரும்பும்போது பிற்பகல் இறங்கும் வண்டியில் சீட்டு எடுங்கள். அன்றைக்கு விமானம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரங்கத்_தொண்டர்

திரும்பும் பயணத்தைப் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். கருத்தரங்கு முடிவதும் பொங்கல் கூட்டம் தொடங்குவதும் ஒரே சமயத்தில் வருகின்றன. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது; சென்னை செல்லும் வண்டிகளில் திறந்த சிறிது நேரத்திலேயே இடம் தீர்ந்துவிடும். யாழ்ப்பாணம் ஐயா அந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு காலையிலேயே பதிவு செய்ய வேண்டும், அல்லது கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடிநீர் பற்றியும் சொல்ல வேண்டும். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கும், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் வாங்கிய பாட்டிலோடு வந்தால் மலையடிவாரச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்றைக் கொண்டு வாருங்கள். சாலையோரங்களில் காசு போட்டுப் பிடிக்கும் குடிநீர் இயந்திரங்கள் உள்ளன. சுவரொட்டி அமர்வுக்கு வருபவர்கள் துணியில் அச்சிட்டு மடித்துக் கொண்டுவந்தால், நீளக் குழாயைப் பேருந்தில் தூக்கித் திரிய வேண்டியதில்லை. மலேசியா, சிங்கப்பூர் செருகிகள் நம் ஊர்ச் சுவர்த் துளையில் நுழையாது. மாற்றுச் செருகியை ஊரிலேயே வாங்கி வாருங்கள். தேநீர்க் கடை முதல் ஆட்டோ வரை கைப்பேசியில்தான் பணம் வாங்குகிறார்கள், வெளிநாட்டு அட்டையைத் தேய்க்கும் கருவி பெரிய விடுதிகளில்தான் இருக்கும். நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள்.

யாழ்_ஆய்வாளர்

அரசியல் அனுமதி குறித்து இன்றே அமைப்பாளருக்கு எழுதிவிட்டேன். கருத்தரங்கு முடிந்து கொடைக்கானலையும் பார்த்துவிட்டுத் திரும்பலாமா? இரண்டும் மலைதானே, அருகருகே இருக்குமென்று எண்ணினேன்.

பழனிமலை_நண்பர்

நான் கொடைக்கானல்காரன், வாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இரண்டு மலைக்கும் இடையே கோவைச் சமவெளி கிடக்கிறது. உதகையிலிருந்து இறங்கி, பழனி வந்து மறுபடி ஏற வேண்டும்; ஏறக்குறைய 250 கிலோமீட்டர், ஒரு பகல் முழுதும் சாலையிலேயே கழியும். உதகை வண்டியிலேயே வந்தாலும் எங்கள் மலைக்குத் தனி இ-பாஸ் எடுக்க வேண்டும். இரண்டு இரவாவது தங்க முடிந்தால் வாருங்கள். ஒரே நாள்தான் என்றால் அந்த நாளை உதகையிலேயே செலவிடுவது நல்லது.

ஈப்போ_மலர்

முடிவு செய்துவிட்டோம். சிங்கப்பூர் வழியாகக் கோவைக்குப் பகலில் வந்து இறங்குகிறோம். உதகை வண்டி ஒன்றை வரவழைக்கிறோம். தொடக்க விழாவுக்கு முதல் நாளே மேலே வந்துவிடுகிறோம். சேரிங்கிராஸ் அருகில் ஒரு விடுதியோடு பேசினேன். வெளிநாட்டவர் பதிவு உண்டு என்றார்கள். அறை சாலை மட்டத்திலேயே, நான்கு படிகள்தான். கீசர் நாள் முழுதும் இருக்கும், ஹீட்டருக்குத் தனி வாடகை.

எல்க்ஹில்_வாசி

நல்ல ஏற்பாடு அம்மா. ஹீட்டரை இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். உறைபனி விழும் நாளில் எல்லா அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், விடுதியில் இருப்பதோ ஐந்தாறுதான். அறை எண்ணையும் ஹீட்டரையும் சேர்த்து எழுத்தில் உறுதி செய்யச் சொல்லி மின்னஞ்சல் கேளுங்கள்.